நுரைக்கும் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும்

ஐயா,

வைட்டமின் சி, கால்சியம் இரண்டும் கலந்த, தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளைப் பற்றித் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பால், கேழ்வரகு அதிகம் சேர்க்காதவர்களுக்கு இவை உதவும் என்பது சரிதான். ஆனால் எல்லோரும் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கும் பானம் அல்ல இது. பல மாத்திரைகளில் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு நாள் தேவையோ பெரியவர்களுக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவு. (அதற்கு ஒரு கொய்யாப்பழமே போதும்!) மிஞ்சுவதில் ஒரு பகுதி, சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது ஆபத்து. நுரைப்பதற்காகச் சேர்க்கும் சோடியம் உப்பு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

கட்டுரை சொல்லாத இன்னொன்றும் உண்டு. என் தாயார் காலையில் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்தே விழுங்கிவந்தார். தைராய்டு அளவு கட்டுக்குள் வரவே இல்லை. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடச் சொன்னார் மருத்துவர், அப்புறம்தான் சீரானது. கால்சியம் அந்த மருந்தை உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுமாம். சிறுநீரகக் கல், ரத்தக்கொதிப்பு, தைராய்டு உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை டப்பாவின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.