குடியிருப்போர் சங்கத் திரைக்குழுவின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, லிஃப்ட் பழுதான இந்த நாளிலும் இறங்கி வந்திருக்கும் மேல்தளத்துப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தாப் பணத்தில் பெரும்பகுதி சுண்டலுக்கும் காபிக்கும் போயிருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அப்போது யாரும் எழுந்து நின்று கேட்க வேண்டியிருக்காது.

இவ்வாண்டு குடிவந்தவர்களுக்காகக் குழுவின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவரவர் வீட்டில், அவரவர் ஓடிடி (இணையவழிப் படத்தளம்) சந்தாவில், குறித்த படத்தையோ தொடரையோ பார்த்துவிட்டு, மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை கீழ்த்தளக் கூடத்தில் கூடிப் பேசுகிறோம். கூடத்தில் திரையிடுவது கிடையாது. புரொஜெக்டர் வாங்கலாம் என்ற தீர்மானம் வழக்கம்போல் இவ்வாண்டும் வந்தது; வழக்கம்போல் தள்ளப்பட்டது. ஓடிடி சந்தா என்பது ஒரு வீட்டாரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் தரப்படுவது. அதை வைத்துக் கூடத்தில் நாற்காலி போட்டுப் படம் காட்ட உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். எல்லாருமாகச் சேர்ந்து ஒரே கணக்கு எடுத்துக் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையும் இதே காரணத்தால் எடுபடவில்லை. ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்குத்தான் என்று நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலேயே இந்தியச் சந்தாதாரர்களுக்கு அறிவித்துவிட்டது.

தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தின் திருட்டுப் பிரதியை உறுப்பினர் ஒருவர் சிலருக்கு அனுப்பியது செயற்குழுவின் கவனத்துக்கு வந்தது. தலைவர் நேரில் போய்ப் பேசினார். திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அபராதம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இத்துடன் இந்த விஷயத்தை விட்டுவிடுகிறேன். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கருத்துப் பதிவேடு

இவ்வாண்டில் குழு செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பது என் எண்ணம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முந்தைய ஆண்டுகளின் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். "நன்று." "சுமார்." "ஒருமுறை பார்க்கலாம்." "முதல் பாதி பரவாயில்லை." இதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்காரும் ஒரு குடும்பம் என்ன முடிவு எடுக்க முடியும்? ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடலாம் என்றார் இணைச்செயலாளர். நட்சத்திரம் போட்டால் பேச வேண்டிய தேவையே போய்விடும் என்று எதிர்த்தேன். தியேட்டருக்குப் போகிறவருக்கு டிக்கெட் விலைக்குப் படம் தேறுமா என்று தெரிந்தால் போதும். வீட்டில் பார்க்கிறவருக்கு அது போதாது. ஒரே சோபாவில் எண்பது வயதுப் பாட்டியும் ஒன்பது வயதுப் பேரனும் இருக்கிறார்கள். சமையலறையிலிருந்து ஒருவர் பாதிக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரிமோட் வேறொருவர் கையில் இருக்கிறது. படம் நல்லதா என்பதைவிட, இந்த அறைக்கு இது ஒத்துவருமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆகவே ஜூன் மாதக் கூட்டத்தில் பதிவேட்டின் பக்கங்களை மாற்றிக் கோடு போட்டோம். இப்போது மூன்று கேள்விகள். யாருடன் பார்த்தீர்கள்? எத்தனை முறை உட்கார்ந்து முடித்தீர்கள்? எந்த இடத்தில் கை ரிமோட்டைத் தேடியது? நன்று, சுமார் என்ற சொற்களுக்குத் தடை. மீறியவர்கள் அடுத்த கூட்டத்துக்குச் சுண்டல் கொண்டுவர வேண்டும். பட்டாணிச் சுண்டலின் தரம் இவ்வாண்டு உயர்ந்ததற்கு அதுவே காரணம்.

மாற்றத்தின் பலன் உடனே தெரிந்தது. 'மகாராஜா' 2024 ஜூன் 14 அன்று தியேட்டர்களுக்கும் ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது. பழைய முறையில் எழுதியிருந்தால் பக்கம் முழுக்க நன்று என்றே இருந்திருக்கும். கதை முன்னும் பின்னுமாகக் கலைத்துச் சொல்லப்பட்டிருக்கும் விதத்தை அத்தனை பேரும் மெச்சினார்கள். ஆனால் மூன்றாம் தளத்து அம்மாள் எழுதியது இது: "பேத்தியுடன் உட்கார்ந்தேன். கடைசி அரை மணி நேரத்துக்கு முன்பே அவளைத் தூங்க அனுப்பிவிட்டேன். நல்லவேளை. நானும் என் கணவரும் மட்டும் பார்த்தோம். முடிந்த பிறகு வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை." இந்த நான்கு வரியைப் படித்துவிட்டு, எங்கள் தளத்தில் இரண்டு வீட்டார் பிள்ளைகள் இல்லாத நாளாகப் பார்த்து அந்தப் படத்தைப் போட்டார்கள்.

'மெய்யழகன்' பற்றிய கூட்டம் மணி ஒன்பதைத் தாண்டியும் நடந்தது. திருச்சியில் இருக்கிறோம், உறுப்பினர்களில் பாதிப்பேருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்தான் பூர்வீகம். வீட்டை இழந்து தஞ்சாவூரைவிட்டு வந்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்தில் நடக்கும் ஒரு திருமணத்துக்காகத் திரும்பிப் போகும் கதை. தன்மேல் பாசத்தைக் கொட்டும் உறவினரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. தியேட்டரில் வந்தபோது நீளம் என்ற பேச்சு எழுந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எங்கள் பதிவேட்டில் நீளம் என்ற புகார் அநேகமாக இல்லை. காரணம் இரண்டாவது கேள்விக்கான பதில்களில் இருந்தது. பலர் இரண்டு இரவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மூன்று இரவு. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் பின்னால் தள்ளி மறுபடி தொடங்கினாராம். தியேட்டரில் நாற்காலியை நெளிய வைக்கும் பேச்சு, வீட்டில் திண்ணைப் பேச்சாக ஆகிவிடுகிறது. இதைச் சொன்னதும் துணைத் தலைவர் மறுத்தார். இரண்டு இரவாகப் பிரித்தால் கதை நடக்கும் அந்த ஒற்றை இரவின் கனம் போய்விடும், தியேட்டரில் ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும் என்றார். அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

இந்த இரண்டு படங்களும் தியேட்டருக்கு வந்த 28ஆம் நாளில் ஓடிடிக்கு வந்தவை. தமிழ்ப் படங்களுக்கு நான்கு வார இடைவெளி என்பது பழகிவிட்டது. அதை எட்டு வாரமாக்க வேண்டும் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கேட்டுவருகிறார்கள். குழுவில் இதற்கு ஆதரவு குறைவு. முழங்கால் வலிக்காரர்கள் அதிகம்.

'கொட்டுக்காளி' பற்றியும் பதிவாக வேண்டும். அந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், காற்று, மனிதப் பேச்சு, அவ்வளவுதான். இது தெரியாமல் நம் உறுப்பினர் ஒருவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகி, பிறகு டிவியையே அணைத்துப் போட்டிருக்கிறார். "எந்த இடத்தில் கை ரிமோட்டைத் தேடியது" என்ற கேள்விக்கு அவர் "தொடக்கத்திலேயே" என்று எழுதியது நியாயமே. படம் முடிவைப் பார்வையாளரிடம் விட்டுவிடுகிறது. அன்று கூடத்தில் பெண்கள் ஒரு முடிவும் ஆண்கள் ஒரு முடிவும் சொன்னார்கள். எந்த முடிவு என்று இங்கே சொல்லமாட்டேன். கதையை உடைக்கக் கூடாது என்ற விதி செயலாளருக்கும் உண்டு.

அந்த விதியை இவ்வாண்டு திருத்தினோம். படம் என்றால், குறித்த கூட்டம் முடியும்வரை லிஃப்டிலும் வாசலிலும் கதை பேசக் கூடாது. தொடர் என்றால் சிக்கல் அதிகம். 'சுழல்' இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தவர் ஒருவர், இரண்டாம் பகுதியில் நிற்பவர் ஒருவர், முதல் பாகத்தின் மயானக் கொள்ளைக் காட்சிகளையே இப்போதுதான் பார்க்கிறேன் என்பவர் ஒருவர். இவர்களை ஒன்றாக உட்கார வைத்துக் கொலையாளியைப் பற்றிப் பேச முடியுமா? ஆகவே, வந்திருப்பவர்களில் யார் மிகக் குறைவாகப் பார்த்திருக்கிறாரோ, அவர் நிற்கும் பகுதிவரைதான் பேச்சு என்று வைத்தோம். இதனால் மார்ச் கூட்டம் முழுக்க முதல் பகுதியைப் பற்றியே பேசினோம். யாரும் எதிர்பாராத விதமாக அது நல்ல கூட்டமாக அமைந்தது. யார் குற்றவாளி என்பதை விட்டுவிட்டால், ஊர் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது, யார் யாரைப் பார்த்துப் பேசத் தயங்குகிறார் என்றெல்லாம் பேச நேரம் கிடைக்கிறது.

பழையதையும் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்று, 2023 ஜனவரியில் வந்த 'அயலி' தொடரை எடுத்துக்கொண்டோம். புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை கிராமம், தொண்ணூறுகள். வயதுக்கு வந்த பெண்ணின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில், டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் ஒரு பெண் தான் பெரியவளானதை மறைத்துவிடுகிறாள். அந்தக் கூட்டத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை நடத்தினார். வருகைப் பதிவேட்டில், கோடை விடுமுறை முடிந்து திரும்பாத பெண்களின் பெயர்களைச் சிவப்பு மையால் அடிப்பது அவருடைய வேலையாக இருந்ததாம். அந்தப் பெயர்களில் இரண்டு மூன்றை இன்னமும் இனிஷியலுடன் சொன்னார். கூட்டத்துக்கு வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அவர்களை யாரும் வீட்டுக்குப் போய்க் கூப்பிடவில்லையா, மிஸ்?" என்று கேட்டாள். போனதாகச் சொன்னார். இரண்டு வீடுகளில் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். அன்றைய பதிவேட்டில் அவர் எழுதிய வரி: "பதின்வயதுப் பெண்பிள்ளையுடன் பாருங்கள். அப்பாவும் உட்கார வேண்டும்."

உறுப்பினர் உதவி

முதல் தளத்துக் கல்லூரி மாணவர் வீடு வீடாகப் போய்ச் செய்த தொண்டுக்குப் பேரவை நன்றி சொல்ல வேண்டும். வசனம் காதில் விழவில்லை, சண்டை மட்டும் இடிக்கிறது என்பதுதான் மூத்தவர்களின் பெரிய குறை. பெரும்பாலான வீடுகளில் ஒலித் தெரிவு 5.1 (அறையைச் சுற்றி வைக்கும் பல ஸ்பீக்கர்களுக்கானது) என்று இருந்தது. டிவியில் இருக்கும் சிறு ஸ்பீக்கருக்கு அது பொருந்தாது. ஸ்டீரியோவுக்கு மாற்றியதும் பேச்சு தெளிந்தது. மலையாளப் படம் பார்க்கிறவர்களுக்குச் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கைப்பேசி டேட்டாவிலேயே ஒரு தொடரை முடிக்கப் பார்த்தவருக்கு, உயர்தரப் படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி தின்னும் என்று விளக்கி, தரத்தைக் குறைத்துவைத்தார்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பூட்டு எண் போட்டுக் கொடுத்ததும் அவரே. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகள்படி ஓடிடியில் வருபவற்றை யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று நிறுவனங்களே வகைப்படுத்த வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டும் இருக்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் இதற்குக் கிடையாது. படம் தொடங்கும்போது மூலையில் வரும் அந்தச் சிறு எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஒரு வீட்டில் பூட்டு எண்ணைத் தாத்தா மறந்துவிட்டார், பேரன் சொல்லிக்கொடுத்தான்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டுப் பணம் போய்விட்டது என்ற புகாரும் வந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். புகார் சொன்னவருக்கும் வந்திருக்கிறது, கடன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. தானாகப் பணம் எடுக்க வங்கிக்குக் கொடுத்திருந்த உத்தரவை ரத்து செய்யும் வழியைப் பொருளாளர் காட்டிக்கொடுத்தார். எல்லாச் சந்தாவையும் ஆண்டு முழுக்க வைத்திருக்கத் தேவையில்லை என்பதே குழுவின் ஆலோசனை. குழுவின் படப்பட்டியல் எந்த ஓடிடி தளத்தில் இருக்கிறதோ அதை மட்டும் அந்த மாதம் எடுத்தால் போதும். மாதக் கட்டணத்துக்கு வழியில்லாத, ஆண்டுக்குத்தான் தருவேன் என்கிற தளத்தைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம்.

வரும் ஆண்டு

நகைச்சுவைப் படம் போதவில்லை என்ற முறையீடு நியாயமானது. 'குடும்பஸ்தன்' பார்த்தவர்கள் சம்பளம், கடன், மாமனார் வீடு என்று பேசியதில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்கிறார்கள். ஆவணப்படம் ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்திருக்கிறேன். வழிமொழிய இதுவரை ஆள் இல்லை. கூட்டத்தை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றும் தீர்மானமும், பதிவேட்டில் நான்காவதாக "யார் பாதியில் எழுந்து போனார்கள்?" என்ற கேள்வியைச் சேர்க்கும் தீர்மானமும் இன்று வாக்கெடுப்புக்கு வருகின்றன.

கூடத்தைத் தந்துதவிய சங்கத்துக்கும், நாற்காலிகளைப் போட்டு எடுத்துவைத்த காவலாளி அண்ணனுக்கும், மின்தடை வந்த அக்டோபர் மாலையில் எமர்ஜென்சி விளக்கு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. பழைய பதிவேடு ஒன்று இரண்டாம் தளத்தில் யார் வீட்டிலோ இருக்கிறது. தயவுசெய்து திருப்பித் தாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்