மூலப்பத்திரம் பற்றி நம் கட்சிக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள கட்சிக்காரர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் நம் வக்கீல் ஆபீஸ் படி ஏறியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இரண்டு வாரமாக நம் ஆபீஸைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ‘அசல் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள், எங்கேயோ அடகு வைத்துவிட்டார்கள்’ என்று. பலர் போன் செய்து கேட்டீர்கள். கேட்கத் தயங்கியவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

அந்தப் பத்திரம் கோர்ட்டில் இருக்கிறது. ஒரு நில வழக்கில் அது வாதி தரப்பின் முதல் சான்றாவணம், ஏ-1. சாட்சிக் கூண்டில் வைத்துக் குறியீடு செய்த நாளிலிருந்து அது நீதிமன்றத்தின் பொறுப்பு. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு போட, வழக்குக் கட்டோடு பத்திரமும் மேல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. பொதுவாக மேல்முறையீடு முடிந்த பிறகுதான் அசல் கைக்கு வரும். நடுவிலேயே வேண்டுமென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 13, ரூல் 9 இருக்கிறது. சான்றிட்ட நகலைக் கட்டில் வைத்து, கேட்கும்போது அசலைக் கொண்டுவருவேன் என்று உறுதி எழுதிக்கொடுத்து, மனு போட்டு வாங்கலாம். மனு போட்டாயிற்று. குமாஸ்தா அண்ணாச்சி வேலையிலிருந்து நின்ற சமயம், அதனால் சில வாரம் தள்ளிப்போனது.

பத்திரத்தைத் திருப்பிக் கேட்ட கட்சிக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை. அதே பத்திரத்தில் வழக்கில் சேராத இன்னொரு சர்வே நம்பரும் இருக்கிறது. அதன் மேல் கடன் கேட்டுப் போயிருக்கிறார், பேங்கில் அசலைக் காட்டு என்கிறார்கள். அவர் அவசரம் அவருக்கு. ஆனால் ‘அடகு’ என்ற அந்த ஒரு வார்த்தை இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு, பட்டா கேட்டு செட்டில்மெண்ட் அதிகாரி முன்னால் நின்ற குடியானவர்கள்தான் வக்கீலாக இருந்த என் தாத்தாவின் முதல் கட்சிக்காரர்கள். தலைமுறையாகக் கூரை எரவாணத்தில் சொருகியிருந்த தீர்வை ரசீதை நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பா காலத்தில் ஹைகோர்ட் என்றால் சென்னைதான். கட்டுகளை டிரங்குப் பெட்டியில் வைத்து, நெல்லை எக்ஸ்பிரஸில் பெர்த் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு படுப்பார். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகுதான் அந்தப் பெட்டிக்கு ஓய்வு. அப்புறம் நான். என்னிடம் அதிகம் வருவது பெண்கள். 1989-இல் தமிழ்நாடு சட்டம் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், அப்பா 2005-க்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று தெளிவாக்கியது. அண்ணன் தம்பி பீரோவில் பூட்டிவைத்த பத்திரத்துக்காக அலைந்த அக்காமார்களுக்கு நின்று வாதாடுகிற ஆபீஸ் இது. நாங்களே ஒருவர் பத்திரத்தைப் பூட்டிவைத்தோம் என்று கேட்டால் வலிக்காதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையே கிடையாது. 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. தீர்ப்பு வருவதற்கு முன்னும் இங்கே அப்படி நடந்ததில்லை.

அண்ணாச்சி எழுதிய நோட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. எந்த அசல் வந்தாலும் பத்திர எண், சார்பதிவாளர் ஆபீஸ், எத்தனை தாள், எந்த ஓரம் கிழிசல் என்பதுவரை எழுதிக் கையெழுத்து வாங்குவார். கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சிமார்களுக்கு இடது பெருவிரல் ரேகை. இந்தப் பத்திரத்துக்கு நேரே ‘ஏழு தாள், நாலாம் தாளில் எண்ணெய்க் கறை’ என்று இருக்கிறது. பக்கத்திலேயே கோர்ட்டில் தாக்கல் செய்த தேதி. கொடுத்தவரின் கையெழுத்தும் இருக்கிறது.

தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாகக் கூடவே வருகிற குடும்பங்கள் எத்தனையோ. இந்தச் செய்தியைப் பார்த்ததும், “ஏம்மா, நாங்க இருக்கோம்ல” என்று போனில் சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில்தான் மறுநாள் கோர்ட்டுக்குப் போனேன்.

புதிய குமாஸ்தா தம்பி வேலை பழகும்வரை நகல் கேட்டால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முதல் ஆலோசனைக் கட்டணமும் கொஞ்சம் கூடும், விவரம் ஆபீஸில் ஒட்டியிருக்கிறது.

எங்களிடம் அசல் கொடுத்திருக்கிற யாராக இருந்தாலும் சனிக்கிழமை காலையில் வாருங்கள். நோட்டில் உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். ஆபீஸில் இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம். கோர்ட்டில் இருந்தால் எந்தக் கோர்ட், எந்த எண் என்று எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வக்கீல்,
பாளையங்கோட்டை