கூளிக்கு கொம்பு வேண்டாம் மக்கா

மக்கா,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத. அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷன், ஒரு கண்ணு முடிஞ்சுது, இன்னொண்ணு அடுத்த மாசம். கறுப்பு கண்ணாடிய மாட்டிட்டு திண்ணையில இருந்து போறவன் வாறவன் எல்லாத்தையும் "யாருடே அது"ன்னு கேட்டுட்டு இருக்காரு, ஆள் ஜோரா இருக்காரு. இங்க மழை விடல, ரப்பர் வெட்டு இல்ல, கையில காசு இல்லாம நேரம் மட்டும் கெடக்கு, அப்பதான் நாம சேந்து எழுத நினைச்ச நாவலோட ஹாஸ்டல் ரெக்கார்டு நோட்ட தேடி எடுத்தேன். கதை நடக்குற நாட்டுக்கு நீ வரைஞ்ச மேப்புல பாதிய கரையான் தின்னுட்டு. தெக்கு பக்கத்து மலை எல்லாம் போச்சு, பெருங்கோயிலும் ஆறும் மட்டும் தப்பிச்சுது.

நீ எழுதியிருந்தேல்லா, நம்ம கதையில வாற பேய்ங்கள, அந்த கூளிங்கள பாத்தா பயமே வரல, கொம்பு, பல்லு, நெருப்பு ஏதாவது குடுன்னு. அதத்தான் ரெண்டு வாரமா யோசிச்சேன். வேண்டாம் மக்கா. மனுசனும் பேயும் ஒரே தெருவுல குடியிருக்க நாடுன்னு ஆனப்புறம் பேய பாத்து எவன் பயப்படுவான்? எங்க ஆச்சிய உனக்கு ஓர்மை இருக்குல்ல, புளிக்கறி வச்சு தந்தாளே, அவ தெருமுக்கு மாடன்கிட்ட பேசுற பேச்ச நீ கேட்டதில்ல. கொடை அன்னைக்கு, அதான் மாடனுக்கு திருவிழா அன்னைக்கு, சுருட்டையும் சாராயத்தையும் படைச்சுட்டு, "மாடு செத்துப்போச்சு, நீ இங்க நின்னு என்னத்த பாத்துட்டு இருந்த"ன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பா. அதே ஆச்சி, வில்லேஜ் ஆபீஸ்ல இருந்து ஒரு பேப்பர் வந்தா போதும், கை நடுங்கும். பேப்பர பிரிக்கவே மாட்டா, அரிசிப்பானைக்கு அடியில வச்சிருவா. "மாடன் கேட்டா ஒரு சேவலோட போகும், பார்வத்தியக்காரன் கேட்டா எங்க போய் நிக்கும்"னு சொல்லுவா. அவ சின்ன வயசுல எங்க ஊரு திருவிதாங்கூர்ல இருந்துதுல்லா, பார்வத்தியக்காரன்னா அப்ப கிராமத்து அதிகாரி.

நம்ம கதைக்கு பயம் அங்கதான் இருக்கு, கேட்டியா. கொம்புல இல்ல, அந்த பேப்பர்ல.

இப்ப நாட்டோட அடிப்படைய மாத்திட்டேன், கோவப்படாத. பழைய நோட்டுல ஒரு கொடுங்கோல் ராஜா, அவனுக்கு ஒரு கெட்ட குருன்னு வச்சிருந்தோம், சின்னப்புள்ளத்தனமா இருக்கு. ராஜா கெட்டவன்னா அவன கொன்னா கதை முடிஞ்சுது. 1750ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா என்ன செஞ்சாரு பாரு, உடைவாள கொண்டு திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி நடையில வச்சு நாட்டையே சாமிக்கு எழுதி குடுத்துட்டு, நான் இனி பத்மநாபதாசன், சாமி சொத்த பாத்துக்கிடுற வேலைக்காரன்னுட்டாரு. திருப்படித்தானம்னு பேரு. சின்ன வயசுல இத பக்திக்கதையா கேட்டுருக்கேன், இப்ப நாவல் எழுதுறவன் கண்ணுல பாத்தா தலை சுத்துது. வரி கட்ட மாட்டேன்னு ராஜாகிட்ட சொன்னா அது கலகம், சாமிகிட்ட சொன்னா பாவம்லா. எவன்கிட்ட போய் மனு குடுப்ப? ராஜாவே "நானும் உன்ன மாதிரி அடிமைதாம்ப்பா"ன்னு கைய விரிச்சுட்டா?

அதனால நம்ம நாட்டுல ராஜாவே கிடையாது. நிலம், ஆறு, மழை எல்லாம் பெருங்கோயில் சாமி பேர்ல பட்டா. ஆளுறவங்க எல்லாரும் கணக்கப்பிள்ளைங்க. ரொம்ப மரியாதையா பேசுவாங்க, ஒருத்தன் கூட கத்த மாட்டான். கூளிங்க விறகு சுமக்கணும், கோயில் சாப்பாடு போடுற ஊட்டுப்புரைக்கு எலை அறுத்து குடுக்கணும், கூலி கிடையாது, ஏன்னா சாமிக்கு செய்யுறதுக்கு யாராவது கூலி கேப்பாங்களா? திருவிதாங்கூர்ல இதுக்கு ஊழியம்னே பேரு. பத்மநாபசுவாமி கோயில்ல ஆறு வருசத்துக்கு ஒருக்க 56 நாள் முறஜெபம்னு வேதம் ஓதுற சடங்கு நடக்கும், அதுக்கு சாமானம் எத்தன வண்டி போயிருக்கும், அத சுமந்தவன் தோளு என்னாயிருக்கும், ஊட்டுப்புரை சாப்பாடு அவனுக்கு எவ்வளவு தூரத்துல இருந்து மணத்திருக்கும்னு ராத்திரி படுத்து யோசிச்சுட்டே இருந்தேன். முதல் அத்தியாயம் அந்த மணத்துல இருந்துதான் தொடங்கப்போறேன். ஒரு கூளி அறுபது அடி தள்ளி எலைக்கட்ட எறக்கி வச்சுட்டு மூக்க மூடிக்கிடுறான். ஏன்னா சாமி பாயசத்தோட மணத்த கூளி இழுத்தா அதுக்கும் ஒரு சட்டம் இருக்கு.

சட்டம் எழுதுறதுல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன் மக்கா. நாமளா யோசிச்சு எழுதுற கொடுமை எல்லாம் சினிமா மாதிரி வருது, நெசத்துல நடந்தது அதவிட சில்லறையா இருக்கு, அதனாலயே வலிக்குது. தோள்சீலைக் கலவரத்துல, மேல மறைச்சு உடுத்தினதுக்காக சாணார் பொம்பளைங்களோட ரவிக்கைய மேல்சாதிக்காரங்க நடுச்சந்தையில கிழிச்சாங்க, அது நமக்கு தெரியும். அதெல்லாம் நடந்து முடிஞ்சு 1859ல ராஜா உத்தரவு போடுறாரு, சாணார் பொம்பளைங்க மேல மறைச்சுக்கிடலாம், ஆனா மேல்சாதி பொம்பளைங்க மாதிரி மட்டும் மறைக்கக்கூடாதுன்னு. குடுக்குறப்பவும் அந்த "ஆனா"வ விடல பாத்தியா! அந்த ஒரு "ஆனா"வுக்காக எங்க பாட்டன் பூட்டன்லாம் எத்தன அடி வாங்கியிருப்பாங்க. நம்ம நாட்டுல எல்லா சலுகையும் ஒரு "ஆனா"வோடதான் வரும். கூளி செருப்பு போடலாம், ஆனா சத்தம் வரக்கூடாது.

பேரு விஷயத்துக்கு ஜெனீவால இருந்து ஒண்ணு சுட்டேன். கிறிஸ்தவ சீர்திருத்தக்காரர் கால்வின் அங்க செல்வாக்கா இருந்த காலம், 1546, ஒருத்தன் பிள்ளைக்கு குளோத்னு பேரு வைக்க கொண்டு போறான், பாதிரி அவனுக்கு ஆபிரகாம்னு ஞானஸ்நானம் குடுத்துட்டாரு. குளோத் அந்த வட்டாரத்து பழைய புனிதர் பேரு, அது மூடநம்பிக்கையாம். அப்பன் பிள்ளைய தூக்கிட்டு கோவத்துல வெளிய போயிட்டான். நம்ம கூளி பிள்ளைங்களுக்கும் ரெஜிஸ்டர்ல ஒரு பேரு, அடுப்படியில ஒரு பேரு. கதை முழுக்க கதாநாயகியோட அடுப்படி பேர நான் சொல்லவே மாட்டேன், நீயும் கேக்காத.

இப்ப கதை. இத படிச்சுட்டு எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. இத்தாலியில போலோஞான்னு ஒரு ஊரு, 1858, அப்ப போப் ஆட்சிக்கு கீழ இருந்துது. யூத குடும்பம், மொர்த்தாரா. ஆறு வயசு பையன். ராத்திரி போலீஸ் வந்து பையன குடுன்னு கேக்குது. என்னன்னா, குழந்தையா இருக்கப்ப காய்ச்சல் கண்டப்ப, வீட்டு வேலைக்கார பொண்ணு, செத்துட்டா மோட்சம் கிடைக்காதேன்னு பயந்து ரகசியமா தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் குடுத்துருக்கா. சட்டப்படி பையன் இப்ப கிறிஸ்தவன், கிறிஸ்தவ பிள்ளைய யூதன் வளக்கக்கூடாது. ஐரோப்பா முழுக்க கத்திப்பாத்தாங்க, போப் திருப்பி குடுக்கல. பையன் வளந்து பாதிரியாராவே ஆகி 1940லதான் செத்தாரு.

இதுல யாரு பேயி சொல்லு? அந்த வேலைக்காரிய என்னால திட்ட முடியல. பாசத்துலதான செஞ்சா.

நம்ம கதையில தண்ணி தெளிக்கிறவ ஒரு மனுச பொண்ணு, பக்கத்து வீடு, கூளி குழந்தைக்கு காய்ச்சல், கோயில் தீர்த்தத்த நெத்தியில ஒரு சொட்டு வைக்கிறா, குழந்தை பொழைச்சுக்கிடுது. ஆறு வருசம் கழிச்சு கணக்கப்பிள்ளை மரியாதையா கதவ தட்டி, "அம்மா, உங்க வீட்டுல ஒரு மனுச பிள்ளை இருக்காமே"ன்னு கேக்குறான். அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கல.

மக கிட்ட இத வாசிச்சு காட்டினேன், ப்ளஸ் டூ படிக்கா இப்ப. எல்லாத்தையும் கேட்டுட்டு, "கூளிங்க சாமி கும்புடுவாங்களாப்பா, அவங்க கண்ணுக்கு யாரு பேயி?"ன்னா. எனக்கு உடனே அய்யா வைகுண்டரோட சாமித்தோப்பு ஞாபகம் வந்துது. சாதிக்கொடுமைய எதுத்த அவரு, தன் காலத்து திருவிதாங்கூர் ராஜாவையே கலிநீசன்னு சொன்னாருல்லா, கொண்டு போய் திருவனந்தபுரத்துல ஜெயில்லயும் போட்டாங்க. தலைப்பாகை கட்டிட்டு கண்ணாடிக்கு முன்னால நின்னு கும்புடச்சொன்ன ஆளு. அந்த கண்ணாடிய அப்படியே கதைக்குள்ள தூக்கி வச்சா கொள்ளாம்தான், ஆனா மனசு வரல. அது அவங்க ரத்தம் சிந்தி வச்ச கண்ணாடி, நான் ஓசியில கொம்பு ஒட்டி விக்கக்கூடாது. கூளிங்களுக்குன்னு வேற ஒரு சாமி வேணும். அதுதான் மூணு நாளா வர மாட்டேங்குது சவம்.

இன்னொரு முடிச்சு, இதுக்கு நீதான் பதில் சொல்லணும். கதவ தட்டுற கணக்கப்பிள்ளை மனுசனா கூளியா? நான் கூளின்னு நினைக்கேன், கூளிங்கறத தலைப்பாகைக்குள்ள மறைச்சு, முப்பது வருசம் நேர்மையா கணக்கு எழுதினவன். மக சொல்லுகா, அப்படி வச்சா கோயில் தப்பிச்சிரும், பழி கூளி மேலயே விழுந்துரும்னு. அவ சொல்றதுலயும் காரியம் இருக்கு. எனக்கு அவன விட மனசில்ல, ராத்திரி கண்ண மூடினா அவன்தான் வாறான், கையில குடை, அக்குள்ல ரெஜிஸ்டர், நனையாம பத்திரமா புடிச்சிருக்கான்.

மேப்ப மறுபடி வரைஞ்சு அனுப்பு, தெக்கு மலைய மறந்துராத, பிள்ளைய தூக்கிட்டு ஓட அந்த வழி வேணும். உங்க அம்மா முட்டுவலி எப்படி இருக்கு? நான் கேட்டேன்னு சொல்லு, நல்லமிளகு கொஞ்சம் காய வச்சிருக்கேன், வெயில் வந்ததும் பார்சல் போடுகேன்.

உன்
ரூம்மேட்டு