கிட்டார் மேதைகளை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர் யார் என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைப் படித்து வருகிறேன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் என்று திருப்பூர் வாசகர் எழுத, எடி வான் ஹேலன்தான் என்று சேலத்திலிருந்து பதில் வந்தது. பிறகு எழுதியவர்கள் பலரும் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட பட்டியலைச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு உறுதியானது என்று முதலில் பார்த்துவிடலாம். 2003இல் வான் ஹேலனுக்கு அதில் 70ஆம் இடம். 2011இல் 8ஆம் இடம். 2023இல் 4ஆம் இடம். பாடகியும் கிட்டார் கலைஞருமான ஜோனி மிட்செல் 72இல் இருந்தவர், 75க்கு இறங்கி, பிறகு ஒரே தாவலில் 9க்கு வந்துவிட்டார். இருவருக்கும் பெயர் வாங்கித் தந்த இசைத்தட்டுகள் 1970களிலேயே வந்துவிட்டவை. அவர்கள் வாசித்தது மாறவில்லை, பட்டியல் போட்டவர்களின் பார்வைதான் மாறியது. ஆகவே அந்த எண்களை வைத்து வழக்கை முடிக்க முடியாது.

கிட்டாருக்குப் பிறவிக் குறைகள் சில உண்டு. மீட்டிய ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். மற்ற வாத்தியங்களுக்கு நடுவே சத்தம் எடுபடாது. கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் (வீணையில் மெட்டு என்பார்கள்), சுருதியைப் பூட்டி வைத்துவிடும். இவற்றில் ஒன்றுக்காவது வழி கண்டு, பின்னால் வந்தவர்களின் கைப்பழக்கத்தையே மாற்றியவரைத்தான் மேதை என்று சொல்ல வேண்டும் என்பது என் வாதம். வேகத்துக்கு இதில் கடைசி இடம்தான்.

சத்தம் எடுபடாத குறையை முதலில் தாண்டியவர்களில் சார்லி கிறிஸ்டியன் முக்கியமானவர். 1939இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்-அப் பொருத்திய கிட்டாரில் சாக்ஸபோனுக்கு நிகராகத் தனி வரி வாசித்தார். 1942இல், 25 வயதில் இறந்துபோனார். உங்கள் பகுதியில் வந்த எந்தக் கடிதத்திலும் அவர் பெயர் இல்லை.

ஒலி அடங்கிவிடும் குறைக்கு ஹென்ட்ரிக்ஸ் கண்ட வழி ஃபீட்பேக். கோயில் நோம்பிக்கு மைக் செட் போடுகிறவர்கள் எதைத் தவிர்க்கப் பாடுபடுகிறார்களோ, அதையே அவர் ஸ்வரமாக மாற்றினார். ஆம்ப் என்னும் ஒலிபெருக்கியின் சத்தம் கம்பியை அதிர வைக்கும், பிக்-அப் அந்த அதிர்வை மறுபடி ஆம்ப்புக்கு அனுப்பும், ஒலி அடங்காமல் நிற்கும். ஓர் அடி தள்ளி நின்றாலோ, கிட்டாரைச் சற்றுத் திருப்பினாலோ வேறு ஸ்வரம் எழும். எங்கே நின்றால் எது எழும் என்று தெரிந்து வைத்திருந்ததில்தான் அவர் திறமை இருக்கிறது. இன்னொன்று: இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரர்களுக்கான ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பிகளை மாற்றிக் கட்டினார். அதனால், கம்பிகள் உடற்பகுதியில் தங்கும் பிரிட்ஜ் அருகே சாய்வாக இருக்கும் பிக்-அப்பின் சாய்வும் தலைகீழாயிற்று. தடித்த கம்பிகள் கணீரென்றும் மெல்லிய கம்பிகள் சற்று உருண்டும் ஒலித்தன. அதே மாடலைக் கடையில் வாங்கி நேராகப் பிடித்து வாசிப்பவருக்கு அந்த ஒலி முழுதாகக் கிடைக்காததற்கு இது ஒரு காரணம்.

வான் ஹேலன் விஷயத்துக்கு வருகிறேன். 1978இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் 1 நிமிடம் 42 விநாடி ஓடும் தனி வாசிப்பு ஒன்றால் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். வலக்கை விரலாலும் ஃப்ரெட்டின் மேல் தட்டி ஸ்வரம் எழுப்பும் டேப்பிங் அவர் கண்டுபிடித்தது அல்ல. முன்னரே சிலர் செய்தார்கள். அதை ஒரு முழு மொழியாக வளர்த்தவர் அவர். இரண்டாம் கம்பியில் இடக்கை ஆள்காட்டி விரலை 5ஆம் ஃப்ரெட்டில் வைத்து, வலக்கை விரலால் 12ஆம் ஃப்ரெட்டைத் தட்டி, அந்த விரலைப் பக்கவாட்டில் சுண்டி எடுத்து, இடக்கைச் சுண்டுவிரலால் 8ஐ அடித்தால் இ மைனர் கார்டின் மூன்று ஸ்வரங்களும் வரிசையாக வரும். பழகுகிறவர்கள் தவறுவது சுண்டும் இடத்தில். விரலை நேராக மேலே தூக்கினால் அடுத்த ஸ்வரம் எழாது. மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அமுக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து இரையும்.

அவருடைய ஒலியில் கோவைக்காரர்களுக்குப் பழக்கமான பொருள் ஒன்றும் இருக்கிறது. மோட்டார் பட்டறைகளில் இருக்கும் வேரியாக்கைக் கொண்டு ஆம்ப்புக்குப் போகும் மின்னழுத்தத்தை 90 வோல்ட் அளவுக்குக் குறைத்து வாசித்தார். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது வால்வு ஆம்ப். இன்று நம் ஊரில் விற்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப், மாடலிங் ஆம்ப் ஆகியவற்றில் வேரியாக்கைப் போட்டால் அந்த ஒலி வராது, கருவிதான் கெடும். இளைஞர்கள் முயல வேண்டாம்.

பிளாக் சப்பத் குழுவின் டோனி அயோமியை யாரும் குறிப்பிடாதது எனக்கு வருத்தம். பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போது, 17 வயதில், வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பவர் பிரஸ் ஓடும் கோவையின் கணபதி, குறிச்சிப் பக்கத்து மக்களுக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்நுனி உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய பாஞ்ஜோ கம்பிகளைக் கட்டி வாசித்தார். பிறகு சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கிக் கம்பியைத் தளர்த்திக்கொண்டார். ஹெவி மெட்டல் என்று இன்று நாம் அறியும் கனத்த ஒலியில் பெரும்பங்கு அந்தத் தளர்ந்த கம்பியிலிருந்து பிறந்ததுதான். 1928இல் தீயில் இரண்டு விரல்கள் முடங்கிய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், மீதமிருந்த இரண்டு விரல்களில் தனி வாசிப்புகளை அமைத்துக்கொண்டார். அயோமிக்குத் தைரியம் கொடுத்தது அவருடைய இசைத்தட்டு.

ஃப்ரெட் சுருதியைப் பூட்டி வைக்கும் மூன்றாவது குறைதான் நமக்கு மிக நெருக்கமானது. சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு மாயாமாளவகௌளையின் அந்தர காந்தாரத்தைக் கிட்டாரில் பிடித்துப் பாருங்கள், லேசாக உறுத்தும். ஆதார ஷட்ஜத்திலிருந்து அந்தக் காந்தாரம் இயல்பாக நிற்கும் இடம் 386 சென்ட் (சென்ட் என்பது ஓர் அரைஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு). கிட்டார் ஃப்ரெட் நிற்பது 400இல். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆகவே ஒரு ஃப்ரெட் கீழே, 300 சென்ட்டில் அழுத்தி, அங்கிருந்து 86 சென்ட் இழுத்து நிறுத்த வேண்டும். ஓரிடத்தில் நிற்காமல் அசையும் தோடியின் காந்தாரம் இதைவிடப் பல மடங்கு கடினம்.

இதைச் சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் முயல்பவர்கள் தோற்பது திறமைக் குறைவால் மட்டுமல்ல. 12–53 கம்பி செட்டில் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மூன்றாம் கம்பி 24 அளவில் சுற்றுக்கம்பியாக வரும், அரைஸ்வரம் இழுப்பதற்குள் விரல் நோகும். 10–46 எலக்ட்ரிக் செட்டில் அதே கம்பி 17 அளவில் வெறும் கம்பி, ஒரு முழு ஸ்வரம் எளிதாக ஏறும். கம்பிகள் தலைப்பக்கம் தாங்கி நிற்கும் நட்டுக்கு அருகே இழுப்பது கடினம், 12ஆம் ஃப்ரெட் அருகே எளிது. ஃப்ரெட்போர்டு வளைவின் ஆரம் 7.25 அங்குலமாக இருந்தால், மேல் ஃப்ரெட்டுகளில் இழுக்கும்போது கம்பி நடு மேட்டில் உரசி ஸ்வரம் செத்துவிடும். 12 அங்குலமோ அதைவிடத் தட்டையாகவோ பார்த்து வாங்க வேண்டும்.

இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் இந்தச் சிக்கலைக் கருவியிலேயே தீர்த்தார். எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற அவர், விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் அமைத்த சக்தி குழுவுக்காக, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகச் செதுக்கிய கிட்டார் ஒன்றைச் செய்வித்தார். அதில் குறுக்கே ஏழு சுருதிக் கம்பிகள் இருந்தன. குழித்த பலகையில் விரல் மரத்தில் உரசாது, இழுப்பு தாராளமாக வரும். ஆனால் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும், மிக இலகுவான கை வேண்டும். 2024இல் சக்தி குழுவுக்குக் கிராமி கிடைத்தபோது, அதை ஒரு செய்தியாகப் படித்துக் கடந்துவிட்டோம். சுகுமார் பிரசாத் 1980களிலேயே எலக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்தவர். ஆர். பிரசன்னா அதே வழியில் வெகுதூரம் போனவர். பிரிஜ் பூஷண் காப்ராவும் விஸ்வமோகன் பட்டும் கிட்டாரைக் கிடத்தி, உருளையைக் கம்பிமேல் வழுக்கி, ஃப்ரெட்டையே தேவையற்றதாக்கினார்கள். ஃப்ரெட்டின் பூட்டை உடைத்த இவர்களில் ஒருவருக்குக்கூட நம் வாசகர்களின் பட்டியல்களில் இடம் இல்லை.

யார் பெரியவர் என்று வாதாடுபவர்கள் காதால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கைபேசியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மெட்ரோனோம் 120இல், தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் விநாடிக்கு 8 ஸ்வரம், அந்த வேகத்தில் பல பிழைகள் ஒளிந்துகொள்ளும். பாதியாக்கினால் தாளத்துக்கு முன்னும் பின்னும் விழுவதெல்லாம் தெரியும். அடுத்து, இழுத்த ஸ்வரம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று கேளுங்கள். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் ஒரே ஸ்வரத்தை அசைத்து நிறுத்துவதைக் கேட்டால் அளவு புரியும். நேரில் வாசிப்பவரை மதிப்பிட வேண்டுமானால், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அணைக்கச் சொல்லுங்கள். டிஸ்டார்ஷன் மெல்லிய மீட்டலையும் பலத்த மீட்டலையும் ஒரே அளவாக்கி, கையின் ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும்.

இன்னொரு குறையும் நம் பக்கம் இருக்கிறது. 1982இல் வந்த ‘இளைய நிலா’ பாடலின் கிட்டாரை முணுமுணுக்காதவர் கொங்கு நாட்டில் அரிது. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்றைய திரை இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர் பெயரைப் பொதுவாக அச்சிடவில்லை. ஏ.ஆர். ரகுமான் வந்த பிறகுதான் அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. பெயரே தெரியாதவரைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பார்கள்?

ஈரோடு, கோபி, பொள்ளாச்சி மாரியம்மன் நோம்பிகளில் மேடையேறும் மெல்லிசைக் குழுக்களின் கிட்டார் கலைஞர்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெனரேட்டருக்குச் சரியான எர்த் இல்லாமல் இரையும் லைனிலும், சீரியல் செட் விளக்குகளின் இரைச்சலிலும், ஒரே கிட்டாரில் அக்கூஸ்டிக், பேஸ், சித்தார் எல்லாவற்றின் ஒலியையும் கொண்டுவந்து, பாடகர் கேட்ட நொடியில் ஸ்கேலை மாற்றி வாசிப்பது சாதாரண வேலை அல்ல. கழுத்தில் கவ்வவைத்துச் சுருதியை ஏற்றும் கேப்போவைப் போடக்கூட நேரம் இராது, கார்டுகளை மனத்திலேயே இடம் மாற்றுகிறார்கள்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் கச்சேரிச் செய்தி வரும்போது பாடகர் பெயரோடு கிட்டார், தபேலா, கீபோர்டு வாசிப்பவர்களின் பெயரையும் ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். தலைசிறந்தவர்கள் பட்டியல் வெளியிட்டால், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த ஆண்டின் எந்த ஒலிப்பதிவில் எந்த நிமிடத்தைக் கேட்க வேண்டும் என்றும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர்,
ஈரோடு.