இரண்டு பாலம், ஒரே முக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊரைத் திருச்சியோடு இணைக்கும் பழைய காவிரிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும், அகலம் எவ்வளவு, எப்போது முடியும் என்றே கேட்கிறார்கள். எனக்கு வேறு சந்தேகம்: இரண்டு பாலமும் கரையேறுவது எங்கே?

இந்தச் சந்தேகம் வந்தது என் பேத்தியால். கல்லூரியில் அவளுக்குக் கோட்டுருவியல் என்று ஒரு பாடம். புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான் மூலதனம். கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் ஆற்று நடுவே ஒரு தீவு, மொத்தம் ஏழு பாலம். எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்பது கேள்வி. முடியாது என்று 1736-இல் ஆய்லர் என்ற கணிதர் நிறுவினார். தீவில் ஐந்து பாலம் வந்து சேர்கிறது, மற்ற மூன்று நிலப்பகுதிகளிலும் மும்மூன்று, நான்குமே ஒற்றைப்படை. அப்படிப்பட்ட இடம் இரண்டுக்கு மேல் போனால் நடக்காதாம்.

“இதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே” என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதியோ சித்திரை வீதியோ, நாலு பக்கமும் சுற்றினால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். குறுக்குச் சந்து வந்து முட்டுகிற முக்கில்தான் வம்பு. மூன்று வழி கூடும் இடம் என்றால் ஏதாவது ஒரு வழியில் மறுபடி சைக்கிளை மிதித்தே ஆக வேண்டும். எந்த வழியை இரட்டிப்பது என்பதில் இருக்கிறது பீட் போகிற, அதாவது தபால் கொடுத்துச் சுற்றி வருகிறவனின் சாமர்த்தியம். நான் இருப்பதிலேயே குட்டையான சந்தைத்தான் எடுப்பேன். அதிலும் நாய் இல்லாத சந்தாக. குவான் மெய்கோ என்ற சீனக் கணிதர் 1960-இல் இதையே கணக்காக எழுதினாராம். சீனத் தபால்காரர் கணக்கு என்றே அதற்குப் பெயர். குப்பை வண்டிக்கு வழி போடவும் அதுதான் உதவுகிறது என்கிறாள்.

பாலத்துக்கு வருகிறேன். எந்தக் கோட்டை அழித்தால் படம் இரண்டாகப் பிரிகிறதோ, அந்தக் கோட்டுக்கு இந்தக் கணிதத்தில் பெயரே ‘பாலம்’. 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தை 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடினார்கள். ஊர் துண்டாகவில்லை. பைபாஸ் பாலம் கிழக்கே வேறு இடத்தில் கரையேறுவதால் சஞ்சீவி நகர் வழியாகச் சுற்றிப் போக முடிந்தது. அக்கரையில் இருக்கும் சத்திரம் பஸ் நிலையத்துக்குக் கால் மணியில் போகிறவன், ஒரு நாள் பல் வலியோடு முக்கால் மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்தேன்.

பக்கத்துப் பாலத்தால் பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய பாலம், 1928-இல் கட்டியது, தூண் சரிந்து விழுந்தபோது, அருகிலேயே இருந்த புதிய பாலம்தான் போக்குவரத்தைத் தாங்கியது. பாலம் விழுந்தால் பக்கத்துப் பாலம் கைகொடுக்கும். முக்கு அடைத்துக்கொண்டால் இரண்டுமே சும்மாதான். கோடு எத்தனை போட்டாலும் சேருகிற புள்ளி ஒன்றுதானே! வைகுண்ட ஏகாதசி சமயத்தில், காவிரிப் பாலம் எங்கள் பக்கம் இறங்கும் மாம்பழச்சாலை முக்கில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். புதிய பாலத்திலிருந்து இறங்கும் வண்டிகளில் ஒரு பகுதியாவது மாம்பழச்சாலை முக்கைத் தொடாமல் அம்மா மண்டபம் பக்கமோ திருவானைக்காவல் பக்கமோ பிரிந்து போக வழி வைத்திருக்கிறார்களா? அக்கரையில் சிந்தாமணிப் பக்கம் எப்படி? இணைப்புச் சாலைகளின் வரைபடத்தைத் தங்கள் நாளிதழில் ஒரு நாள் வெளியிட்டால் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பார்த்துவிடுவேன். பேத்திக்கும் அடுத்த வாரம் விடுமுறை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
ஸ்ரீரங்கம்.