அம்மாவுக்குப் பார்த்திருக்கும் இடம்

அன்புள்ள பிரபுவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவை வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் செய்வதாக டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பு ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது, சுகரும் கட்டுக்குள் இருக்கிறது. அடுத்து அவளை எங்கே வைப்பது என்று போனில் பேச்சை எடுத்தால் "சரிப்பா, நீங்க பாத்துச் செய்யுங்க" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நேராக வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. பிசியோதெரபியும் கொடுத்து, மறதி உள்ளவர்களையும் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு ஹோமில் இரண்டு மாதம் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு மாதம்தான்.

வீட்டிலேயே இருபத்து நாலு மணி நேர நர்ஸ் போடலாம் என்று நீ சொன்னதையும் யோசித்துத்தான் பார்த்தேன். ஏஜென்சிக்காரன் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு புது முகத்துக்கும் அவள் முதலிலிருந்து பயப்படுவாள். நம் பாத்ரூம் படி உனக்குத் தெரியும். ராத்திரி அவள் எழுந்தால் பிடித்துத் தூக்க எனக்கு முடியவில்லை. ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூட நான் தூக்குவதில்லை, இது உன் அக்காவுக்கும் தெரியும். உன் மாமா மட்டும் "பொண்டாட்டியக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளறாரு" என்று ஈரோடு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். ஒரு ராத்திரி வந்து படுத்துப் பார்க்கச் சொல்.

நீ அனுப்பிய எக்செல் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் எல்லா இடத்துக்கும் போனேன். நன்றாகச் செய்திருந்தாய். ஒரு ஹோமில் மேனேஜர் பையன் அதைப் பார்த்துவிட்டு "உங்க மகன் கன்சல்டன்ட்டா சார்?" என்று கேட்டான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ரூம் சைஸ், கார்டன், வைஃபை, ஸ்டார் ரேட்டிங் என்று இத்தனை கட்டம் போட்டவன், ராத்திரி எத்தனை பேர் டூட்டியில் இருப்பார்கள் என்பதற்கு ஒரு கட்டம் போடவில்லை. அதுதான் முதல் கேள்வி. பகலில் எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் முப்பது பேருக்கு இரண்டு அட்டெண்டர்தான் என்று ஒரு இடத்தில் வாய் தவறிச் சொன்னார்கள். காலிங் பெல் இருக்கிறதே என்றார்கள். பெல் எதற்கு என்பதே அம்மாவுக்கு மறந்துபோகும், அப்புறம் அதை யார் அடிப்பது?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நீ இங்கே இல்லாததால் உனக்குத் தெரியாது. ரிஹாப் சென்டர்களில் பெரும்பாலும் பக்கவாதமும் ஆக்சிடென்ட் கேஸும்தான். நல்ல மெஷின், நல்ல பிசியோ எல்லாம் இருக்கிறது. ஆனால் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்ற வார்த்தையைக் கேட்டதும் "கூடவே ஒரு ஆள் நீங்க போட்டுக்கணும் சார்" என்கிறார்கள். மறதிக்கென்றே இருக்கும் ஹோம்களில் பிசியோ வாரத்துக்கு இரண்டு தடவை வந்து காலை ஆட்டிவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு இரண்டும் வேண்டும். அவளுக்கு இடுப்பில் பாதி மூட்டு மாற்றியிருக்கிறார்கள். தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, குத்துக்காலிடக்கூடாது, காலைப் பின்னக்கூடாது, படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கு நடுவில் தலையணை வைக்கவேண்டும். மற்றவர்களுக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும். அவளுக்கு இடுப்பு உடைந்ததே நினைவில்லை, சும்மா எழுந்து நடக்கப் பார்க்கிறாள். அதனால் சுற்றியுள்ள சாமான்தான் அவளுக்குப் பதில் ஞாபகம் வைத்திருக்கவேண்டும். நாற்காலி, கட்டில், கம்மோடு எல்லாவற்றின் உயரத்தையும் டேப் வைத்து அளந்தேன். சிரித்தார்கள். முப்பது வருஷம் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்?

ஒன்று சொல்கிறேன், காலையில் கூப்பிடு. உன் டல்லாஸ் காலை இல்லை, நம் ஊர்க் காலை. நீ ஆபீஸ் கிளம்பும் முன்னால் ஏழரைக்குக் கூப்பிடுகிறாய், இங்கே அப்போது சாயங்காலம் ஆறு மணி. அதுதான் அவளுக்கு மோசமான நேரம். பொழுது சாயச் சாயக் குழப்பம் கூடும் என்று டாக்டரும் சொல்கிறார். நீ ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் இங்கே எட்டரை. குளித்து, இட்லி சாப்பிட்டுத் தெளிவாக இருப்பாள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் வீடியோவில் நீ பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்துகொள்ளாதே. மயக்க மருந்து, வலி, யூரின் ட்யூப், புது இடம் எல்லாம் சேர்ந்து, இருக்கிற மறதிக்கு மேல் வந்து உட்கார்ந்த குழப்பம் அது. டெலிரியம் என்கிறார்கள். இப்போது நன்றாகவே இறங்கியிருக்கிறது.

சரி, ஹோமுக்கு வருகிறேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒன்று, நீ முதல் இடம் கொடுத்திருந்தது. கண்ணாடி வாசல், நட்சத்திர ஹோட்டல் மாதிரி ரிசப்ஷன். நான் உள்ளே போனபோது காலை பதினொன்று. ஹாலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்காலியிலேயே தலை தொங்கத் தூங்குகிறார்கள். காலைச் சாப்பாடு முடிந்து ரெஸ்ட் என்றார்கள். அது ரெஸ்ட் இல்லை, மாத்திரை. குவெட்டியபின் மாதிரி மனநோய் மருந்துகளை மறதி நோய் உள்ள வயதானவர்களுக்குக் கொடுத்தால் சாவு கூடுகிறது என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது, உன் நாட்டில்தான். வேறு வழியே இல்லாதபோது கொஞ்ச நாளைக்குக் குறைந்த அளவில் கொடுக்கலாம் என்று நம் டாக்டர் சொன்னார். இங்கே யார் எழுதுகிறார்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை மறுபடி பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "எங்க டாக்டர் பாத்துக்குவார்" என்பதுதான் பதில். கிளம்பிவிட்டேன்.

இன்னொரு இடத்தில் வாசலிலேயே பினாயில் வாசம் தூக்கியது. அது எதையோ மறைக்கிற வாசம், எனக்குத் தெரியாதா. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அழுக்கு டயப்பரெல்லாம் சமையல் குப்பையோடு ஒரே மூட்டையில் கிடக்கிறது. "இங்க யாருமே விழுந்ததில்ல சார்" என்றும் சொன்னார்கள். வயதானவர்கள் முப்பது பேர் இருக்கும் இடத்தில் யாரும் விழுந்ததில்லை என்றால், எழுதி வைப்பதில்லை என்று அர்த்தம்.

நான் முடிவு செய்திருப்பது பேரூர் ரோட்டில், பழைய வீட்டைத் திருத்திக் கட்டிய ஒன்று. உன் அட்டவணையில் அது கடைசி. போட்டோ சரியில்லை, கார்டனும் கிடையாது. சமூக நலத்துறைப் பதிவு, தனியார் மருத்துவ நிலையங்கள் தமிழ்நாட்டின் 1997 சட்டத்தின்படி வாங்கும் கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் பதிவு இரண்டையும் கேட்டேன், இரண்டும் இருந்தன. விழுந்தவர்கள் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார்கள். யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அப்புறம் என்ன மாற்றினார்கள் என்று நாலு பத்தி. மாதா மாதம் எடை எழுதுகிறார்கள். எடை குறைந்தால் சாப்பாடு ஊட்ட நேரம் கொடுக்கவில்லை என்று பொருள், அதை நான் சொல்லும் முன்னால் அந்த சிஸ்டரே சொன்னார். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடும் சார்ட் கட்டிலிலேயே தொங்குகிறது. ஒருவருடைய குதிகாலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெரியவரிடம் கேட்டுவிட்டுக் காட்டினார்கள். படுக்கைப் புண் இல்லை.

கட்டிப் போடுவீர்களா என்று நேராகவே கேட்டேன். ராத்திரி எழுந்து நடப்பவர்களை நடக்க விடுவோம், கூட ஒரு ஆள் போவார், அதற்குத்தான் ராத்திரிக்கு நாலு பேர் என்றார்கள். சொல்வதை நம்பலாமா? மூக்குக் கண்ணாடியை வேண்டுமென்றே மேஜை மேல் விட்டுவிட்டு வந்து, ராத்திரி ஒன்பதரைக்கு அதை எடுக்கப் போனேன். நாலு இல்லை, மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு பெண் ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள். டிவி பார்க்கவில்லை. கட்டில் எதிலும் துணியோ கயிறோ இல்லை. உன் அக்கா "இதெல்லாம் சிஐடி வேலைப்பா" என்றாள். இருக்கட்டுமே.

பிசியோ தினமும் வருகிறார், ஞாயிறு தவிர. ஒரே ஆள், ஒரே நேரம். மறதி உள்ளவர்களுக்கு அதுதான் முக்கியம் என்கிறார். வார்த்தையில் சொல்லிக் கொடுப்பதைவிடத் தானே செய்து காட்டுவது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை. கை பழகியதை வைத்தே காலை நடக்க வைக்கலாம் என்றார். அம்மா இப்போதும் துணியை மடிப்புக் கலையாமல் மடிப்பாள், பூக் கட்டுவாள். அலமாரி வரைக்கும் வாக்கரில் போய்த் துணியை வைத்துவிட்டு வரச் சொன்னால் அதுதான் எக்சர்சைஸ்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஒரு பாத்ரூமில் பழைய வழுவழு டைல்ஸ் அப்படியே இருக்கிறது, மாற்றினால்தான் அட்வான்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். அட்டெண்டர்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்கண்ட் பெண்கள், தமிழே தட்டுத் தடுமாறித்தான். அம்மா தமிழையும் குறைத்துக்கொண்டு வீட்டுக் கன்னடமே பேசுகிறாள், என்ன செய்வார்கள் என்று எனக்கும் கவலைதான். ஆனால் சமையல் செய்யும் அம்மா நெகமத்துக்காரர், நம் ஆட்கள். நான் வாசலில் போனில் உன் அக்காவோடு பேசியதைக் கேட்டுவிட்டு அவரே வந்து கன்னடத்தில் பேசினார்.

மாதம் 45,000. பிசியோ, டயப்பர், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள் எல்லாம் தனி. நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்கு இங்கே என்ன கணக்கு என்று எழுதி வாங்கியிருக்கிறேன். என் பென்ஷனர் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும், இதற்கு வராது. பென்ஷனும் டெபாசிட் வட்டியும் இரண்டு மாதத்துக்குப் போதும். நீ பணம் அனுப்பவேண்டாம். பணம் அனுப்பிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறாய் என்று நான் சொல்லவில்லை.

ஷார்ட் ஸ்டேவா, லாங் ஸ்டேவா என்று ஃபாரத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஷார்ட் என்று டிக் செய்தேன். அந்த சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் இந்த மாதிரி ஒரு கட்டத்தில் டிக் செய்துகொண்டுதான் இருப்பார்.

இன்னொரு ஃபாரமும் கொடுத்தார்கள், அதற்குத்தான் இத்தனை நீளம். அவரை எப்படிக் கூப்பிடவேண்டும், என்ன வேலை செய்து பழக்கம், என்ன சாப்பாடு பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்று நாலு பக்கம். முக்கால்வாசி எழுதிவிட்டேன். "யாரைத் தேடுவார்?" என்று ஒரு கேள்வி. உன் பேரை எழுதினேன்.

தினமும் சாயங்காலம் கேட்கிறாள், பிரபு ஸ்கூல் விட்டு வந்துவிட்டானா என்று. ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். டியூஷன் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்பேன், சரி என்பாள். அவளிடம் இருக்கும் பிரபுவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான், டவுசர் போட்டவன். பொங்கலுக்கு வந்து நின்றது தாடி வைத்த பெரிய மனுஷன். வந்தவரை "எந்த ஊருங்க, சாப்பிட்டீங்களா" என்று அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். நீ இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பியதை நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை, ஆபீஸ் வேலை எல்லோருக்கும் இருக்கும். அடுத்த தடவை வரும்போது தாடியை எடுத்துவிட்டு வா. வந்ததும் "நான் யாரு தெரியுதா" என்று கேட்காதே, பரீட்சை வைப்பது மாதிரி இருக்கும் அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடி, போதும். அதுவரைக்கும் போனில் வா, காலையில். கேமராவைப் போட்டுக்கொள்.

அவளுடைய ரூமில் மாட்ட பழைய போட்டோ கேட்கிறார்கள். உன் ஏழாவது வகுப்பு குரூப் போட்டோ நீ எடுத்துக்கொண்டு போனதுதான், அதை ஸ்கேன் செய்து அனுப்பு, இங்கே பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொள்கிறேன். ஃபாரத்தில் பாட்டு என்ற இடம் காலியாக இருக்கிறது. உனக்குத் தூங்க என்ன பாடுவாள் என்று எனக்குத் தெரியாது, நான் அப்போதெல்லாம் பொள்ளாச்சி டூட்டியில் இருந்தேன். நீயும் அக்காவும் பேசி எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் வேண்டும்.

டல்லாஸிலிருந்து டயப்பர் வாங்கி யாரிடமும் கொடுத்தனுப்பாதே. போன தடவை அனுப்பியது எல் சைஸ், அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. இங்கே மெடிக்கலில் எம் சைஸே கிடைக்கிறது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எதிர்வீட்டு ஜெயந்திக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சேலம். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.