மிஷின் இருக்கட்டும், ரிப்பேர் யார் பார்ப்பது?

மாப்ள,

உங்கள் கம்பெனியின் தண்ணீர் மிஷினைப் பற்றி நீ அனுப்பிய பிடிஎஃப்பைப் பாதி படித்துவிட்டுக் கோபத்தில் மூடி வைத்தேன், அதற்குள் பட்டறையில் வேலை நெருக்கடி, அப்படியே மாசக்கணக்கில் போய்விட்டது. நீயும் ஒரு போன் பண்ணவில்லை, அதனால் சரிக்குச் சரி. வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள், மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று அடம். குண்டுவுக்கு மறுபடியும் முட்டி வலி, நடக்கச் சொன்னால் நடக்கிற இடம் பேக்கரி.

ஒரு துக்கச் செய்தி. ஊர் ஊராக அடிபம்பு ரிப்பேர் பார்த்த நம் பிட்டர் மாமா போய்விட்டார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. நீ வெளிநாட்டில் இருப்பதாக உன் தங்கச்சி சொன்னதால் உன்னைக் கூப்பிடவில்லை. காரியம் முடிந்ததும் அவர் மகன் அந்தக் காக்கிப் பையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். பட்டறைக்காரனுக்குத்தான் இது பயன்படும் என்றாராம் பெரியவர். பைப் ரெஞ்ச், கிளாம்ப், லெதர் வாஷர், ஒரு நோட்டு. கிரீஸ் டப்பாவும் இருந்தது.

அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் உன் பிடிஎஃப்பை மறுபடி திறந்தேன். உங்கள் கம்பெனி நம் ஊருக்குத் தண்ணீர் மிஷின் வைக்கப்போகிறது, கார்டைத் தட்டினால் ஒரு குடம் தண்ணி, மேலே சோலார், எவ்வளவு பிடித்தார்கள் என்று புனேயில் உட்கார்ந்துகொண்டே நீ போனில் பார்க்கலாம். ரொம்ப சந்தோஷம். கெட்டுப்போனால் யார் சரி பண்ணுவது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூணு வருச சர்வீஸ் ஒப்பந்தம் என்று இருக்கிறது. நாலாவது வருசம் என்னடா செய்வது?

அடிபம்பு காலத்து ஆள் என்று என்னைக் கிண்டல் பண்ணுவாய். பண்ணு. ஆனால் அந்த அடிபம்பு கதையில்தான் இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. 1966-67இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெரிய வறட்சி. அதையொட்டி ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் துளை போடும் ரிக் வண்டிகளைக் கொண்டுவந்து பாறையில் போர் போட ஆரம்பித்தது. போர் சரியாகத்தான் இருந்தது, மேலே மாட்டின பம்புதான் தாங்கவில்லை. அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு வீட்டுக்கு, ஒரு பண்ணைக்கு என்று செய்த வார்ப்பிரும்பு பம்பின் காப்பி. அங்கே நாளைக்கு நாலு வாளி அடிப்பார்கள், இங்கே விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை ஊரே வரிசையில் நின்று அடிக்கும். 1974 கணக்குப்படி முக்கால்வாசி பம்பு வேலை செய்யவில்லை. பூமியைத் துளைக்கக் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு மேலே ஒரு உடைந்த கைப்பிடி!

இதற்கு வழி கண்டுபிடித்தது பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் கிறிஸ்தவ மிஷன் பட்டறைகளில் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்துப் பம்பு செய்து பார்த்தார்கள். கைப்பிடிக்கு ஒரே அச்சு, அடியில் பிஸ்டனை இழுக்கிற ராடைத் தூக்க ஒரு செயின். உனக்குப் புரியும், கைப்பிடி வளைந்து சுற்றும்போது ராடும் கூடவே பக்கவாட்டில் இழுபட்டால் தேய்ந்து போகும், செயின் வளைதகட்டின் மேல் ஓடினால் ராடு செங்குத்தாக ஏறி இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அதை எடுத்துத்தான் யுனிசெஃப், சென்னையில் இருந்த மெராடோ ஆராய்ச்சி நிலையம், அரசுக் கம்பெனியான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் மூணு பேரும் சேர்ந்து இந்தியா மார்க் 2 செய்தார்கள். கள சோதனைக்கு எந்த ஊர் என்கிறாய்? நம் கோயமுத்தூர் மாவட்டம்தான். தண்ணி அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, இங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். 1979இல் ஐஎஸ்ஐ தரம் வந்தது. காப்புரிமை என்று ஒன்றும் இல்லை, வரைபடத்தை வாங்கி எந்தப் பட்டறையும் செய்யலாம். அதனால்தான் ஆப்பிரிக்கா வரைக்கும் போனது, உகாண்டாவில் அதற்கு யூ2 என்று பேரே வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு நல்ல பம்பிலும் ஒரு சிக்கல் இருந்தது, நான் சொல்ல வந்ததே அதுதான். அடியில் சிலிண்டரில் இருக்கிற வாஷர் தேய்ந்துவிட்டால் அதை மாற்ற மொத்தக் குழாயையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். அதற்குக் குழாயைத் தூக்கிப் பிடிக்க மூணு கால் ஸ்டாண்டு வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும், ஒன்றியத்திலிருந்தோ மாவட்டத்திலிருந்தோ வண்டி வர வேண்டும். ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு என்று மூணு அடுக்கு ஏற்பாடே தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சில்லறைக் காசு வாஷருக்காக ஊர் முழுக்க வண்டி வருமா வருமா என்று ரோட்டைப் பார்க்க வேண்டும். மாமாவைத் தேடி ஊர் ஊராக ஆள் வந்ததும் அதனால்தான், வண்டிக்கு முன்னால் அவர் சைக்கிள் போய்ச் சேர்ந்துவிடும்.

1983இலிருந்து 87 வரைக்கும் மறுபடியும் கோயமுத்தூரிலேயே பம்புகளை விடாமல் கவனித்து, எது எப்போது கெடுகிறது என்று கணக்கு எடுத்தார்கள். லெதருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டார்கள், அது பல மடங்கு உழைத்தது. 32 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 65 மில்லிமீட்டர் குழாய் இறக்கினார்கள், பிஸ்டனைக் குழாய்க்குள்ளேயே மேலே இழுத்துவிடலாம், குழாயைத் தொடவே வேண்டாம். அதுதான் மார்க் 3. உள்ளூர் ஆள் கொஞ்சம் சாமான் வைத்துக்கொண்டே வேலையை முடிக்கலாம். பெரிய குழாயால் விலையும் எடையும் கூடியது, அதனால் பல இடத்தில் பழைய மார்க் 2ஐயே தொடர்ந்து போட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் யோசித்த விதத்தைப் பார். பம்பு ஓடுகிறதா என்று மட்டும் கேட்கவில்லை, நின்றால் அந்த ஊர்க்காரர் கையால் மறுபடி ஓடுமா என்று கேட்டார்கள்.

கேட்காதவர்கள் கதையும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிளேபம்ப் என்று ஒன்று, குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் தண்ணி தொட்டிக்கு ஏறும், தொட்டியில் விளம்பரப் பலகை. போட்டோவில் அவ்வளவு அழகு. 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக மேடையில் அறிவித்தார்கள். ஒன்றின் விலை 14,000 டாலர், ஒரு கைபம்பைப் போல நாலு மடங்கு. பிள்ளைகள் எவ்வளவு நேரம் சுற்றும்? பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குப் போய்விடும், பெண்கள்தான் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ளினார்கள். சில ஊர்களில் ஏற்கெனவே இருந்த கைபம்பையும் பிடுங்கிவிட்டுத்தான் இதை வைத்தார்கள். கெட்டபோது பார்க்க ஆளில்லை. உன் பிடிஎஃப்பின் அட்டைப்படத்தில் ஒரு பாப்பா சிரித்துக்கொண்டு குடம் தூக்குகிறதே, எனக்கு அந்த ராட்டினம்தான் ஞாபகம் வந்தது.

இதனால் மறுபடியும் அடிபம்பு போடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எங்கள் அம்மாவின் தோள்பட்டையைக் கேள், அவள் சொல்வாள். அதோடு மார்க் 2 சுமார் 50 மீட்டர் ஆழத்துக்குச் செய்தது, நம் ஊரில் இன்று தண்ணி இருக்கிற இடத்துக்கு மோட்டார் இல்லாமல் முடியாது. உன் மிஷின் வரட்டும். ஆனால் நம் ஊர் உப்புத் தண்ணி, உப்பை வடிகட்ட ஆர்ஓ போட்டால் உள்ளே போகிற தண்ணியில் கணிசமான பங்கு கழிவாக வெளியே வரும், அதை எந்தச் சாக்கடையில் விடப்போகிறீர்கள்? அதற்குள் வடிகட்டுகிற மெம்பிரேன் கோயமுத்தூர் டவுனில் கிடைக்குமா, இல்லை உங்கள் ஆளிடம்தான் வாங்க வேண்டுமா? சர்க்யூட் போர்டு இடியில் போய்விட்டால் நம் எலெக்ட்ரிஷியன் திறக்கலாமா, இல்லை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்களா? இந்தப் பாஸ்வேர்டு விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரும்பாக இருந்தால் வெட்டி ஒட்டிவிடலாம், பூட்டின சாஃப்ட்வேரை நான் எந்த லேத்தில் கடைவது?

ராஜஸ்தானில் திலோனியா என்கிற ஊரில் 1972இலிருந்து ஒரு அமைப்பு நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குக் கைபம்பு ரிப்பேர் சொல்லிக்கொடுத்தார்கள், பாட்டிமார் சோலார் சர்க்யூட்டை சாலிடர் பண்ணுகிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் திறப்பு விழாவுக்கு ஒதுக்கின தொகையைப் பார்த்தேன். அதை அப்படியே எடுத்து நம் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேருக்கு அந்த மிஷினைப் பிரித்து மாட்டச் சொல்லிக்கொடு. டேங்க் ஆபரேட்டருக்கும்தான், பாவம், அவருக்கு வருகிற சம்பளத்துக்கு அவர் வால்வு திறப்பதே பெரிசு. சின்னவள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டாள்.

மாமாவின் நோட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். எந்தத் தெரு பம்பு எத்தனை குழாய் ஆழம், எந்த வருசம் வாஷர் மாற்றினார், கோடையில் தண்ணி எவ்வளவு இறங்கியது, எல்லாம் பென்சிலில். ஊரில் இன்று எந்த போர் எத்தனை அடி என்று பஞ்சாயத்தில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. இருந்த ஒரே கணக்கு ஒரு மனுஷனின் பையில் இருந்திருக்கிறது, அவரை நாம் பிட்டர் என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உன் எஞ்சினியர்கள் படிக்கட்டும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது மிஷின் விற்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வா. நம் பட்டறையில் வைத்து மொத்தமாகக் கழற்றி, ஊர்க்காரர் ஒருத்தரை விட்டே மறுபடி மாட்டிக் காட்டச் சொல். ஓடினால் இடத்துக்குத் தலைவரிடம் நானே பேசுகிறேன். ஓடாவிட்டால் சோறு போட்டு பஸ் ஏற்றி விட்டுவிடலாம். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

உன் பட்டறைக்காரன்